பேச்சுத்துணை: மெக்சிகோ முதல் கிள்ளான் வரை

பருவ விடுமுறை நெருங்கினாலே பல்கலைக்கழக அறிவிப்புப் பலகைகளில் ஒரு வகை அழைப்பு தவறாமல் இடம்பெறும். வெளிநாடு செல்லுங்கள், அங்குள்ள மாணவர்கள் ஆங்கிலம் பேசிப் பழக உதவுங்கள், அவர்களின் பண்பாட்டை அறிந்து வாருங்கள் என்பதே அதன் சாரம். இந்தோனேசியா, வியட்நாம் என அண்டை நாடுகளுக்கும் இத்தகைய பயணங்கள் உண்டு. மெக்சிகோ போன்று உலகின் மறுபக்கத்தில் இருக்கும் நாடுகளுக்கும் உண்டு. 1948-ஆம் ஆண்டில் ஐரோப்பிய மாணவர்களால் தொடங்கப்பட்ட ஐசெக் போன்ற அமைப்புகள் ஆறு முதல் எட்டு வாரத் தொண்டூழியப் பயணங்களை ஏற்பாடு செய்கின்றன.

நம்மில் பலர் அந்த அழைப்பைப் படித்துவிட்டு அப்படியே கடந்துவிடுகிறோம். பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், "தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த நானா இன்னொருவருக்கு ஆங்கிலத்தில் உதவுவது?" என்று மனத்திற்குள் எழும் தயக்கம். இத்தயக்கம் தேவையற்றது என்பதோடு, ஆங்கிலத்தை மூன்றாம் மொழியாகக் கற்றவர்களே இப்பணிக்குப் பெரிதும் பொருத்தமானவர்கள் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெக்சிகோவில் ஏன் ஆங்கிலம்?

மெக்சிகோவில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 12 கோடியே 60 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். பெரும்பாலோர் பேசுவது ஸ்பானிய மொழி. வடக்கே அமெரிக்காவுடன் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட எல்லை. வாணிபம், தொழிற்சாலை, சுற்றுலா என எதை எடுத்துக்கொண்டாலும் ஆங்கிலம் தேவைப்படுகிறது. எனவே 2009-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு பாலர் பள்ளி தொடங்கி ஆங்கிலத்தைக் கற்பிக்கும் திட்டத்தை முன்னெடுத்தது. எனினும் ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை நீடிக்கிறது. மாணவர்கள் இலக்கணத்தைப் படிக்கிறார்கள், பயிற்சிகளைச் செய்கிறார்கள். வாய்விட்டுப் பேச மட்டும் ஆள் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே தொண்டூழியர்கள் அழைக்கப்படுகிறார்கள்.

மெக்சிகோ என்றாலே ஸ்பானிய மொழி மட்டும்தான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அங்கு 68 பழங்குடி மொழிகளை அரசு அங்கீகரித்துள்ளது. 2003-ஆம் ஆண்டில் அம்மொழிகளுக்கென்றே ஒரு மொழியுரிமைச் சட்டமும் இயற்றப்பட்டது. அவற்றுள் பெரியதான நாவாட்டில் மொழியை 16 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பேசுகின்றனர். மலைக்கிராமத்தில் வளரும் ஒரு நாவாட்டில் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, நாட்டின் பொதுமொழியாக ஸ்பானியம், அதற்கு மேல் மூன்றாவதாக ஆங்கிலம். இதைப் படிக்கும்போது நமக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? வீட்டில் தமிழ், நாட்டின் தேசிய மொழியாக மலாய், மூன்றாவதாக ஆங்கிலம் என்று வளரும் நம் தமிழ்ப்பள்ளி மாணவர்தான்.

நம் நாட்டிற்கு வந்தவர்கள்

நாம் போவதைப் பற்றிப் பேசுமுன், நம்மிடம் வந்தவர்களையும் அறிந்துகொள்வது நல்லது. 1961-ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் கென்னடி தொடங்கிய அமைதிப்படை, மறு ஆண்டே மலாயாவுக்குத் தன் தொண்டர்களை அனுப்பியது. 1962 முதல் 1983 வரை நான்காயிரத்திற்கும் மேற்பட்ட அமெரிக்க இளையோர் இங்கு வந்து பணிபுரிந்தனர். பலர் பள்ளிகளில் ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகியவற்றைக் கற்பித்தனர். வேறு சிலர் மருத்துவமனைகளில் உழைத்தனர். இங்குப் பணியைத் தொடங்குமுன் அவர்கள் மலாய்மொழி கற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. பேச உதவ வந்தவர்கள் முதலில் தாங்களே தடுமாறிப் பேசிப் பழகினார்கள்.

அவர்கள் இங்கிருந்த காலத்தில்தான் நம் கல்விக்கூடங்களின் பயிற்றுமொழி மாறியது. 1970-ஆம் ஆண்டு முதலாம் வகுப்பில் தொடங்கி, ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாகத் தேசிய மொழிக்கு மாறின. ஆங்கிலம் பயிற்றுமொழி என்ற நிலையிலிருந்து ஒரு பாடம் என்ற நிலைக்கு வந்தது. ஆங்கிலத்தைப் படிப்பவர் எண்ணிக்கை குறையவில்லை. பள்ளியில் ஆங்கிலம் பேசும் நேரம்தான் குறைந்தது.

2006-ஆம் ஆண்டில் ஃபுல்பிரைட் திட்டத்தின்கீழ் அமெரிக்கப் பட்டதாரிகள் ஆங்கிலக் கற்பித்தல் உதவியாளர்களாகத் திரெங்கானுவுக்கு வந்தனர். 2012 முதல் இத்திட்டம் வேறு மாநிலங்களுக்கும் விரிந்தது. அவர்கள் உள்ளூர் ஆசிரியருடன் இணைந்து பணியாற்றினர். முகாம், விளையாட்டு, நாடகம் என்று மாணவர்களைப் பேச வைப்பதே அவர்களின் முதன்மைப் பணி. பெரும்பாலும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கே அவர்கள் அனுப்பப்பட்டனர். கோலாலம்பூர், கிள்ளான் போன்ற நகரங்களில் ஆங்கிலம் எப்படியும் காதில் விழும் என்பதால் பிள்ளைகள் தாமாகவே பேசிவிடுவார்கள் என்ற எண்ணம் நம்மிடையே பொதுவாக உண்டு. காதில் விழுவது போதுமா என்பதுதான் கேள்வி.

கேட்டால் மட்டும் போதுமா?

இதற்கு மொழியியல் ஆய்வாளர்கள் தரும் விடை சுவையானது. ஸ்டீபன் கிராஷன் என்னும் அமெரிக்க அறிஞர், நமக்குப் புரியும் அளவில் ஒரு மொழியை நிறையக் கேட்பதாலும் படிப்பதாலும்தான் அது நமக்குள் இறங்குகிறது என்றார். அச்சமும் கூச்சமும் இருந்தால் கேட்டதுகூட உள்ளே போகாமல் தடைபடும் என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

கனடாவில் மெரில் சுவேன் என்னும் ஆய்வாளர் இதிலுள்ள ஒரு குறையைக் கண்டார். அங்கு ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பல ஆண்டுகள் பிரெஞ்சு வழியிலேயே பாடம் பயின்றனர். கேட்டுப் புரிந்துகொள்வதில் மிகச் சிறந்து விளங்கினர். பேச்சும் எழுத்தும் மட்டும் அந்த அளவுக்கு வளரவில்லை. வகுப்பில் ஆசிரியர் பேசினார், பிள்ளைகள் கேட்டனர். நீளமாகப் பேச வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு நேரவில்லை. 1985-ஆம் ஆண்டில் அவர் இதை ஒரு கருதுகோளாக முன்வைத்தார். பேச முயலும்போதுதான் தன்னிடம் எந்தச் சொல் இல்லை என்பது ஒருவருக்கே தெரியவருகிறது. அந்தத் தேடலே கற்றல்.

மைக்கேல் லாங் என்பவர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். இருவர் பேசும்போது ஒருவருக்குப் புரியாமல் போய், "என்ன சொன்னாய்?" என்று கேட்டு, மற்றவர் வேறு சொல்லால் விளக்கும் அந்த இழுபறியில்தான் மொழி வளர்கிறது என்றார் அவர்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பேச்சுத்துணையின் இலக்கணம் கிடைத்துவிடுகிறது. புரியும்படி பேச வேண்டும், பயமுறுத்தக் கூடாது, மறுபக்கத்தில் இருப்பவரை அதிகம் பேச விட வேண்டும், புரியாதபோது பொறுமையாகக் கேட்க வேண்டும். இவற்றுள் எதற்கும் இலண்டனிலோ நியூயார்க்கிலோ பிறந்திருக்கத் தேவையில்லை.

இன்று கிள்ளானில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை கைப்பேசியில் நாளெல்லாம் ஆங்கிலக் காணொலி பார்க்கிறது. கைப்பேசி "என்ன சொன்னாய்?" என்று திருப்பிக் கேட்பதில்லை. அப்பிள்ளை தொடக்கப்பள்ளியை முடித்து, மலாய்மொழி பயிற்றுமொழியாக உள்ள இடைநிலைப்பள்ளிக்குப் போய், இறுதியில் மூயெட் தேர்வில் உட்காரும்போதுதான் பேச வேண்டிய கட்டாயம் வருகிறது. 1999-ஆம் ஆண்டில் அறிமுகமான அத்தேர்வில் பேச்சுப் பகுதி முன்பு 15 விழுக்காடாக இருந்தது. 2021 முதல் நான்கு பகுதிகளுக்கும் சம மதிப்பெண். பேச்சுக்கு மட்டும் 25 விழுக்காடு. பல்கலைக்கழக நேர்காணல், வேலை நேர்காணல் என்று அதன் பிறகும் பேச்சுதான் வாசலில் நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் பேசாதவரைப் பத்து நிமிடத்தில் பேசிக் காட்டு என்றால் என்ன செய்வார்?

தாய்மொழிக்காரர்தான் வேண்டுமா?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டுமே வர வேண்டும் என்று சில திட்டங்கள் நிபந்தனை விதிக்கின்றன. ஆனால், இன்று உலகில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைவிட அதைக் கற்றுப் பேசுகிறவர்களே பன்மடங்கு அதிகம் என்று டேவிட் கிறிஸ்டல் போன்ற மொழியியலாளர்கள் நெடுநாளாகவே கூறி வருகின்றனர். மெக்சிகோ மாணவர் நாளை பேசப் போவது அமெரிக்கரிடம் மட்டுமன்று. கொரியத் தொழிற்சாலை மேலாளரிடமும் ஜப்பானியப் பொறியியலாளரிடமும்தான்.

மேலும், கற்று வந்தவருக்கு வழியில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது தெரியும். ஓர் எடுத்துக்காட்டு. ஸ்பானிய மொழியில் எந்தச் சொல்லும் 'ஸ்' என்ற ஒலியோடு இன்னொரு மெய் சேர்ந்து தொடங்குவதில்லை. ஆகவே, மெக்சிகோ மாணவர் 'ஸ்கூல்' என்பதை 'எஸ்கூல்' என்பார். நம் பாட்டிமார் அதை 'இஸ்கூலு' என்றார்கள். மலாய்மொழியோ போர்த்துகீசிய 'எஸ்கோலா'வை வாங்கி 'செகோலா' என்று நடுவில் உயிரொலி சேர்த்துக்கொண்டது. மூன்று மொழியினரும் ஒரே கல்லில் தடுக்கியவர்கள். தடுக்கிய அனுபவம் உள்ளவர் அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்.

இன்னொன்று வினைச்சொல். தமிழில் 'வந்தேன்' என்றாலே வந்தது நான்தான் என்பது விகுதியில் தெரிந்துவிடும். ஸ்பானியத்திலும் அப்படியே, 'நான்', 'அவள்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. எனவே அம்மாணவர்கள் ஆங்கிலத்திலும் எழுவாயை விட்டுவிடுவதுண்டு. ஏன் விடுகிறார்கள் என்பது ஆங்கிலம் மட்டுமே அறிந்தவருக்கு வியப்பாக இருக்கும், நமக்கு இருக்காது.

நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் நேரடியாக உதவும். மலாயில் 'பெர்கி' என்ற வினை நேற்றைக்கும் இன்றைக்கும் நாளைக்கும் உருமாறாது. தமிழில் போனேன், போகிறேன், போவேன் என்று காலத்திற்கேற்ப மாறும். 'போயிருக்கிறேன்' என்ற வடிவமும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் கான்' என்பதற்கு மிக அருகில் நிற்பது இதுதான். தமிழ் அறிந்த ஒரு துணைவர் இந்த ஒரு வாய்பாட்டை வைத்தே ஆங்கிலக் காலங்களைப் பாதி புரிய வைத்துவிடலாம்.

மேசையும் மிளகாயும் செண்டுமல்லியும்

சரி, எதைப் பற்றிப் பேசுவது? பண்பாட்டுப் பரிமாற்றம் என்றவுடன் வேட்டி சேலை அணிந்து ஒரு நடனம் ஆடிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். அதற்கும் அப்பால், பேசப் பேசத் தீராத பொருள்கள் மெக்சிகோவுக்கும் நமக்கும் இடையில் இருக்கின்றன.

வகுப்பில் கையை வைத்திருக்கும் மேசையிலிருந்தே தொடங்கலாம். நாம் 'மேசை' என்கிறோம். மெக்சிகோ மாணவர் 'மேசா' என்கிறார். போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்த சொல் அது. மலாயில் அது 'மேஜா' ஆயிற்று. அடுத்து சமையலறைக்குப் போகலாம். மிளகாய் நம் ஊருக்குரியதன்று. மெக்சிகோ பகுதியில் பயிரிடப்பட்டு, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் ஆசியாவுக்கு வந்தது. மெக்சிகோ இல்லையென்றால் சம்பலும் இல்லை, ஊறுகாய்க்கு அந்தச் சிவப்பும் இல்லை. தக்காளியின் ஆங்கிலப் பெயரும் நாவாட்டில் மொழியிலிருந்து வந்ததே. நாம் சப்போட்டா என்றும் மலாயில் 'சிக்கு' என்றும் சொல்லும் பழம் மெக்சிகோவில் 'சிக்கோசப்போட்டே' எனப்படுகிறது. பெயரின் முன்பாதியை மலாய்மொழி எடுத்துக்கொண்டது. பின்பாதியைத் தமிழ் எடுத்துக்கொண்டது.

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் மாலைக்காகக் குவித்து வைத்திருக்கும் செம்மஞ்சள் செண்டுமல்லியும் மெக்சிகோவின் பூதான். அங்கு நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் இறந்தோர் நினைவுநாள் கொண்டாடப்படுகிறது. மறைந்தவரின் படத்தை வைத்து, அவர் விரும்பி உண்ட உணவைப் படைத்து, இதே பூவால் வழியமைத்து அலங்கரிப்பார்கள். 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற விழா இது. தீபாவளிக்கு முன்பாக நம் வீடுகளில் தாத்தா பாட்டிக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போட்டுப் படைக்கிறோமே, அதை ஒரு மெக்சிகோ மாணவரிடம் சொல்லிப் பாருங்கள். "எங்கள் பாட்டிக்கும் வைப்போம்" என்று சொல்ல அவருக்கு ஆயிரம் இருக்கும். சொல்ல விருப்பம் வந்துவிட்டால், சொல் தானாகத் தேடப்படும்.

எப்படிச் செய்வது?

கோலாலம்பூரிலிருந்து மெக்சிகோவுக்கு நேரடி விமானம் இல்லை. போய்ச்சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும்; செலவும் பல ஆயிரம் ரிங்கிட். வாய்ப்புள்ளவர்கள் கட்டாயம் போய் வாருங்கள். வாய்ப்பில்லாதவர்களுக்குப் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கிள்ளான் வந்துவிடும். கட்டணம் சில ரிங்கிட். நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றான சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி உட்பட, அவ்வட்டாரத்தில் பல தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. எங்கு சென்றாலும் முறை ஒன்றுதான்.

முதலாவது, வகுப்பு எடுக்காதீர்கள். வெண்பலகையின் முன் நிற்காமல் இருவருக்கு ஒருவர், மூவருக்கு ஒருவர் என்று பக்கத்தில் அமருங்கள். அரை மணி நேரத்தில் நீங்கள் பேசியது பத்து நிமிடத்தைத் தாண்டினால் அது சொற்பொழிவு.

இரண்டாவது, பிள்ளைக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். நண்பர்கள் சிலரோடு கிள்ளானில் சனிக்கிழமைகளில் இப்பயிற்சியில் ஈடுபட்டபோது, ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் மூன்று வாரம் 'யெஸ்', 'நோ' தவிர எதுவும் பேசவில்லை. அவன் தந்தை துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார் என்று அறிந்து, கொள்கலனை எப்படி லோரியில் ஏற்றுவார்கள் என்று கேட்டோம். எங்களுக்கு அது உண்மையாகவே தெரியாது. பாதிச் சொல் ஆங்கிலத்திலும் மீதி கையசைவிலும் பத்து நிமிடம் விளக்கினான். அன்று ஆசிரியர் அவன்தான்.

மூன்றாவது, திருத்துவதைப் பதிலுக்குள் வையுங்கள். "எஸ்டர்டே ஐ கோ பசார்" என்று பிள்ளை சொன்னால், "தப்பு" என்று நிறுத்தாதீர்கள். "ஓ, யூ வெண்ட் டு த பசார்? வாட் டிட் யூ பை?" என்று தொடருங்கள். சரியான வடிவம் காதில் விழும், பேச்சும் அறுபடாது.

நான்காவது, தமிழைத் தடை செய்யாதீர்கள். சொல் கிடைக்காமல் தவிக்கும் இடத்தில் தமிழில் சொல்ல விடுங்கள். ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துவிட்டு வாக்கியத்தை அவரே முடிக்கட்டும்.

ஐந்தாவது, தொடர்ந்து செல்லுங்கள். இரண்டு வாரம் வந்து, படம் எடுத்துக்கொண்டு, பிறகு காணாமல் போகும் தொண்டூழியத்தால் பயனடைவது பெரும்பாலும் தொண்டூழியர்தான். ஒரு பருவம் முழுவதும் வர முடியுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அடி மேல் அடி அடித்தால்தானே அம்மியும் நகரும்? தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், பள்ளி ஆசிரியர் ஒருவரின் உடனிருப்பு ஆகியவை இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்.

தமிழ்ப்பள்ளிகளுக்கு அப்பாலும் இத்துணை தேவைப்படுகிறது. நம் நாட்டில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு பெற்றோர் 1 இலட்சத்து 80 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். அவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் சேர இயலாததால் சமூகக் கற்றல் மையங்களில் படிக்கின்றனர். அவற்றுள் பல கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே உள்ளன. பெரும்பாலும் தொண்டூழியர்களை நம்பியே இயங்குகின்றன.

தமிழுக்கு இதனால் என்ன?

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் ஆங்கிலம் பேசுவதைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி.

இந்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. தோட்டங்கள் மூடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தது ஒரு பெரும் காரணம். மற்றொன்று பெற்றோரின் அச்சம். "தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது" என்ற சொற்றொடரைக் கேட்காத தமிழர் இங்கு இருக்க முடியாது. இந்த அச்சத்தை மேடைப்பேச்சால் போக்க முடியாது. தமிழ்ப்பள்ளியில் படித்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அதே பள்ளி வளாகத்திற்கு வந்து, பிள்ளைகளோடு சரளமாக ஆங்கிலம் பேசி, தேவைப்படும் இடத்தில் அழகிய தமிழில் விளக்குவதைப் பெற்றோர் கண்ணால் பார்த்தால் போக்கலாம். அம்மாணவரே நடமாடும் சான்று.

மூன்றாம் மொழியைத் தமிழின் துணையோடு கற்ற பிள்ளை, தமிழை ஒரு சுமையாகக் கருதாது. மெக்சிகோவின் நாவாட்டில் பிள்ளைக்கும் அதுவே பொருந்தும். வீட்டுமொழியை வாசலில் விட்டுவிட்டுத்தான் உலகத்தோடு பேச வேண்டும் என்ற நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறையில் அந்த அழைப்பு மீண்டும் பலகையில் ஒட்டப்படும்போது, 'எனக்குத் தகுதி இருக்கிறதா?' என்று தயங்காதீர்கள். மூன்று மொழிகளுக்கு நடுவே தட்டுத் தடுமாறி வந்த வழி உங்களுக்குத் தெரியும். அதே வழியில் இப்போது நடந்து வரும் பிள்ளைக்கு வேண்டியது பக்கத்தில் நடக்கும் ஒரு துணை. அது மெக்சிகோவாக இருந்தாலும் சரி, கிள்ளானாக இருந்தாலும் சரி, ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கித் தொடங்குவோம்.